இருக்குறதே தெரியக் கூடாது

2023 ஆடி மாதம். மதியம் கரண்ட் போயிருந்தது. திருவொற்றியூர் டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் என் லேத் பட்டறையில், பையன்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நண்பன் வந்தான். வந்தவன் உட்காராமல் ஷட்டரைப் பாதி இறக்கினான். இடுப்பிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து வைஸ் பக்கத்தில் வைத்தான்.

"இன்னாடா இது?"

"பிரிச்சுப் பாரு."

கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். தோட்டாக்களைத் தனியே கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். உரிமம் வாங்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும், வாங்கிவிட்டான் என்று தெரியாது.

"இந்தப் பின்னாடி கொம்பு கீது பாரு, எடுக்க சொல்லோ பாக்கெட் துணியப் புட்ச்சுக்குது. இத்த மட்டும் தேய்ச்சுக் குடு. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை."

அவன் கொம்பு என்றது ரிவால்வரின் குதிரை. கட்டைவிரலால் பின்னுக்கு இழுப்பதற்காக அதன் தலையில் ஒரு சின்ன வளைவு இருக்கும். ஐந்து நிமிட வேலை இல்லை, ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் செய்யத் தெரியும். முப்பது வருஷமாக இரும்பைத் தேய்த்துச் சோறு தின்கிறவனுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. முடியாது என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை அன்று அவனிடம் ஒரு மாதிரி சொன்னேன், பிறகு எனக்கு நானே வேறு மாதிரிகளில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் அவன் பக்கம். அதைச் சொல்லாமல் மேலே போனால் நியாயமில்லை. அவனுக்கு மூன்று டிரெய்லர் லாரி. துறைமுகத்திலிருந்து மணலி, எண்ணூர் பக்கத்துக் கிடங்குகளுக்குக் கன்டெய்னர் ஓட்டுகிறான். எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட நிற்கும். அப்படி நிற்கும் இடத்தில் டீசல் திருடுகிறவன் இருப்பான், மாமூல் கேட்கிறவன் இருப்பான். இவன் ஒரு கும்பலுக்குக் கொடுக்க மறுத்தான். டிரைவரின் தலையை உடைத்தார்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். போட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து, ராத்திரி பதினொரு மணிக்கு, பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்துப் பைக்கில் வந்தவனைப் பட்டாக்கத்தியோடு இரண்டு பேர் துரத்தினார்கள். எல்லையம்மன் கோயில் பக்கம் கூட்டம் இருந்ததால் தப்பித்தான். அவன் மனைவி அதற்குப் பிறகு பல மாதம் ராத்திரி வெளியே வந்ததில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்றோ, போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றோ இப்படிப்பட்டவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் முறையாகவே போனான். கமிஷனர் அலுவலகத்தில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, அலைச்சல். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் காலத்தில் என் பட்டறைக்கு வந்தால் பேச்செல்லாம் எதை வாங்குவது என்பதுதான். புது லாரி எடுக்கும்போதுகூட அவன் இவ்வளவு விசாரித்ததில்லை.

நம் நாட்டில் தனி ஆள் வாங்கக்கூடியது குறைவு. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற விட்டங்கள் சாதாரண ஆளுக்குக் கிடையாது. கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32, இல்லையென்றால் .22. வெளிநாட்டு இறக்குமதி எண்பதுகளின் நடுவிலேயே நின்றுவிட்டதால், தாத்தா காலத்து வெப்லி ஸ்காட்டும் வால்த்தரும் கைமாறும்போது புது கார் விலை சொல்வார்கள். மிச்சம் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகள் செய்வது. 2014இல் 'நிர்பீக்' என்று ஒன்று வந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் தாக்கப்பட்டு இறந்துபோன பெண்ணின் நினைவாகப் பெயர் வைத்து, பெண்களுக்கான ரிவால்வர் என்றார்கள். எடை ஏறக்குறைய 500 கிராம், விலை 1,22,000 ரூபாய்க்குச் சற்று மேல். பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் போகிறவள் வாங்கவே முடியாத விலையில் ஒரு பொருளைச் செய்ததை என்னவென்று சொல்ல? காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காக்கள் யாரும் அதை வாங்கியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. பிறகு இஷாப்பூரில் செய்த .22 'நிதார்' வந்தது. 250 கிராம்தான், கால் கிலோ கத்தரிக்காய் எடை.

நண்பன் இந்த எடைகளையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வான். குண்டு எவ்வளவு தூரம் போகும், எத்தனை சுடலாம் என்பதெல்லாம் இரண்டாவதுதான். அவனுடைய முதல் கேள்வி ஒன்றே ஒன்று.

"சட்டைக்கு உள்ள வெச்சா இருக்குறதே தெரியக் கூடாது. மத்தவனுக்கு மட்டும் இல்ல, எனக்கே தெரியக் கூடாது."

அன்று சிரித்தேன். பிறகு யோசித்தால் எல்லாச் சிக்கலும் அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாகப் படுகிறது.

என் சித்தப்பா ஹார்பரில் மூட்டை இறக்கியவர். கன்டெய்னர் வருவதற்கு முந்தைய காலம். அவர் இடுப்பு பெல்ட்டில் ஒரு கத்தி எப்போதும் இருக்கும். சாக்குக் கயிறு அறுக்க என்பார். கயிறும் அறுப்பார்தான். ஆனால் எதற்கு என்று ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் கைப்பிடி வெளியே தெரியும்படிதான் வைத்திருப்பார். அது ஒரு அறிவிப்பு. என்னோடு வம்பு வைத்துக்கொள்வதற்கு முன் யோசி என்று அது சொல்லும், எதிராளிக்கு விலகிப்போக ஒரு வாய்ப்புக் கொடுக்கும். சித்தப்பாவுக்கும் அது ஒரு கட்டுப்பாடுதான். சாராயம் குடிக்கிற இடத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வா என்பார்கள், வைப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அம்மா வாசலிலேயே, "அத்த வெளிய வெச்சிட்டு வா, புள்ளைங்க இருக்குதுங்க" என்பாள். அவரும் செருப்போடு சேர்த்து அதையும் வைத்துவிட்டு வருவார். கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் வைத்துவிட்டு வா என்று சொல்ல முடியும்.

நண்பன் என் வீட்டுக்கு எத்தனை முறை அதோடு வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. என் பேத்தியை மடியில் உட்காரவைத்துக் கொஞ்சியிருக்கிறான்.

ஆனால் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவன் அதை உறையில் வைத்து, வெளியே தெரியாமல் முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும். காட்டிப் பயமுறுத்தக் கூடாது. நல்ல விதிதான். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் ஊர்களை நினைத்தால் இந்த விதி எவ்வளவு தேவை என்று புரியும். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ரவுடி தன் பட்டாக்கத்தியைக் காட்டிக் கேக் வெட்டி வீடியோ போடுகிறான். சட்டப்படி நடக்கிறவன் ஒளித்துவைக்கிறான். ஒளித்துவைத்தது யாரையும் முன்கூட்டித் தடுக்காது. அது பேசுவதானால் முதல் வார்த்தையே கடைசி வார்த்தை.

மறைத்துவைத்த ஆயுதத்தைப் பற்றி வள்ளுவர் கூடா நட்பு அதிகாரத்தில் எச்சரிக்கிறார். கும்பிடுகிற கைக்குள்ளேயும் ஆயுதம் இருக்கலாம், அழுகிற கண்ணீரும் அப்படித்தான் என்கிறார். 1948 ஜனவரி 30 அன்று கோட்சே காந்தியை வணங்கிவிட்டுத்தான் சுட்டான். கையில் இருந்தது இத்தாலியில் செய்த பெரெட்டா, உள்ளங்கையில் அடங்கும் சைஸ். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன்: வாஞ்சிநாதன் ரயில் பெட்டிக்குள் ஏறி கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்கால். 1967 ஜனவரி 12 சாயங்காலம் எம்.ஆர். ராதா, எம்.ஜி.ஆரைப் பார்க்க ராமாவரம் தோட்டத்துக்குப் போனார். உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு ராதாவின் குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில். ராதாவுக்கும் குண்டுக் காயம். வழக்கில் ராதா தண்டனை பெற்றார், எம்.ஜி.ஆரின் குரல் அதன் பிறகு பழைய குரலாக இல்லை. அந்தக் குரல் மாறியது எங்கள் ஏரியாவில் பெரியவர்களுக்கு இன்னும் துக்கம். அமெரிக்காவில் ஹென்றி டெரிஞ்சர் என்ற பிலடெல்பியாக்காரர் செய்த குட்டித் துப்பாக்கியைத் தற்காப்புக்கென்று கனவான்கள் கோட்டுப் பையில் வைத்திருப்பார்களாம். அந்தத் துப்பாக்கியை உலகம் ஞாபகம் வைத்திருப்பது 1865 ஏப்ரல் 14 அன்று நாடகக் கொட்டகையில் லிங்கனின் பின்னந்தலையில் சுட்டதற்காக.

வாஞ்சியையும் கோட்சேயையும் ஒரே வரிசையில் வைக்கிறேனா என்று கோபப்படாதீர்கள். அவர்கள் காரணங்கள் ஒன்றல்ல, அந்தத் தராசை நான் இங்கே எடுக்கவில்லை. நான் பார்ப்பது பொருளை மட்டும். பாக்கெட்டில் அடங்கும் துப்பாக்கி, தற்காப்புக்கு என்று சொல்லி விற்கப்படுகிறது, ஆனால் நம் ஞாபகத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் தேடிப்போனவன் கையில்தான் இருந்திருக்கிறது.

இதை நண்பனிடம் ஒருமுறை சொன்னேன். அவன் பதில் எனக்கு இன்றுவரை சரியாகவே படுகிறது.

"தப்பிச்சவன் கதைய எவன்டா எழுதுவான்? எடுத்துக் காட்னான், வந்தவன் ஓடிட்டான், வூட்டுக்குப் போய் சோறு துன்னுட்டுத் தூங்கிட்டான். அது பேப்பர்ல வருமா?"

வராதுதான். சரித்திரம் செத்தவர்கள் கணக்கை மட்டும் வைத்திருக்கிறது. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை ஒன்றும் அற்பமான ஆசையும் இல்லை. 1878இல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டபோது ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு இந்தியனிடம் மட்டும் உரிமம் கேட்டான். அந்த அவமானம் காந்தியையே உறுத்தியது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தது. தற்காப்பு உரிமை இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. உயிர் போகும் என்ற நியாயமான பயம் இருந்தால் எதிராளியின் உயிரை எடுக்கும் வரைக்கும் அந்த உரிமை நீளும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. வெட்ட வருகிறவன் முன்னால் நிற்பவன் தங்கத்தை நிறுக்கிற தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்பதை நீதிமன்றங்களும் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் எனக்கு என்ன தடை?

அந்தக் கொம்புக்கு வருகிறேன். அதை விரலால் இழுத்துவைத்தால் விசை லேசாகிவிடும், நிதானமாகக் குறி வைக்கலாம். இழுக்காமலும் சுடலாம், விசையை அழுத்தமாக நெடுக இழுக்க வேண்டும். பாக்கெட்டில் வைப்பவனுக்கு அது துணியில் மாட்டும் ஒரு கொக்கி, அரை வினாடி. அவன் அந்த அரை வினாடியில் தன் சாவைப் பார்த்தான். நான் அதே அரை வினாடியில், "இரு, யாரென்று பார்" என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்றைப் பார்த்தேன். இரண்டு பேரும் சரி. ஆனால் பட்டறையில் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கிறவன் அந்த அரை வினாடியைப் புனிதமாக்குவது சுலபம். துரத்தப்பட்டவன் அவன்தான், நான் இல்லை. இதை நான் மறக்கக் கூடாது.

இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். அவன் முதலில் எடை குறைவாக வேண்டும் என்றான். பிறகு எங்கும் மாட்டாமல் வழவழப்பாக வேண்டும் என்றான். பிறகு தையல்காரரிடம் போய்ப் பேன்ட்டின் வலது பாக்கெட்டுக்குள் கான்வாஸ் வைத்து ஒரு உள்பை தைத்துக்கொண்டான், வெளியே உருவம் தெரியாமல் இருக்க. ஒவ்வொரு மாற்றமும் அது இருப்பதை மறப்பதற்கான ஏற்பாடு. ஆனால் அந்தப் பொருள் என்ன? ஒரு மனிதனைக் கொல்வேன் என்று நான் முன்கூட்டியே எடுத்துவைத்த முடிவு. இன்ன ஆள் என்று பெயர் போடாத முடிவு. அப்படி ஒரு முடிவைத் தினமும் சுமக்கத்தான் வேண்டும் என்றால் சுமக்கலாம், சிலருக்கு வேறு வழியில்லை. ஆனால் அது கனக்க வேண்டாமா? குத்த வேண்டாமா? உட்கார்ந்தால் இடிக்க வேண்டும், எழுந்தால் ஞாபகம் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சௌகரியமாகிவிட்டால் அது மூக்குக்கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கண்ணாடி போட்டவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, அதன் வழியாகத்தான் எல்லாரையும் பார்க்கிறான்.

அவன் மாறியதை நான் பார்த்தேன். கெட்டவனாக மாறவில்லை, அதுதான் எனக்குக் குழப்பம். முன்பெல்லாம் ஆட்டோக்காரன் இடித்தால் இறங்கி நின்று நடுரோட்டில் அம்மா அக்கா என்று கிழிகிழியென்று கிழிப்பான். பத்து நிமிடத்தில் அந்த ஆட்டோக்காரனோடு டீ குடிப்பான். உரிமம் வாங்கின பிறகு சண்டையை அடியோடு விட்டுவிட்டான். ஒருநாள் தேரடி பக்கத்தில் ஒருத்தன் கண்ணாடியை உடைத்துவிட்டு இவனையே கண்டபடி திட்டினான். இவன் ஒரு வார்த்தை பேசாமல், "சரிப்பா, போ" என்றான். நானே ஆச்சரியப்பட்டுக் கேட்டேன். "கைல இது கீது, சண்டை பெருசாச்சுன்னா இன்னா ஆவும்? அதான் ஒதுங்கிப் போறேன்" என்றான். பொறுப்பான பதில். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கேட்டிருக்கிறான். ஆனால் அந்த, "சரிப்பா, போ"வில் ஒன்று இருந்தது. உன்னை விட்டுவிட்டேன் என்கிற தொனி. அந்த ஆட்டோக்காரனுக்கு அது தெரியாது. சமமாக நின்று திட்டிக்கொள்ளும் இரண்டு பேரில் ஒருத்தன் மட்டும் உயிர்ப்பிச்சை கொடுத்துவிட்டுப் போகிறான். எனக்கு அந்தப் பழைய கிழிகிழியே மேல் என்று பட்டது.

பட்டறைக்கு வருகிறேன். எங்கள் ஊரின் பெரிய தொழிற்சாலை 1955இல் வந்த என்ஃபீல்ட். அந்தப் பெயரே இங்கிலாந்தில் என்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்ததால் வந்தது. சின்னத்தில் பீரங்கி, வண்டியின் பெயர் புல்லட், துப்பாக்கி போலச் செய்தது என்பதுதான் விளம்பர வாசகம். அதற்கு ஜாப் ஒர்க் செய்து வளர்ந்த லேத் பட்டறைகள் எங்களுடையவை. இரும்பைச் சுற்றத் தெரிந்தவனுக்குப் பிஸ்டனும் குழலும் ஒன்றுதான். பீகாரில் முங்கேர் பக்கம் இதே மாதிரி லேத்தில்தான் கள்ளத் துப்பாக்கி செய்கிறார்கள், எங்களைவிடக் கெட்டிக்காரர்களும் அங்கே இருக்கலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்ய மட்டுமல்ல, பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும்கூட உரிமம் வேண்டும். குழலைக் குட்டையாக்குவதற்கும், பொம்மையை நிஜமாக்குவதற்கும் தனிப் பிரிவே இருக்கிறது. அன்று நான் நண்பனிடம் சொன்ன காரணம் இதுதான்.

"என்கிட்ட லைசென்ஸ் இல்லடா. மாட்டுனா பட்டறைக்கு சீல்."

"எவனுக்குத் தெரியும்?"

"அதான் பிரச்சினையே."

அவன் முகம் சுருங்கிவிட்டது. நான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டான். பாதி உண்மை. மிச்சத்தை அன்று சொல்லத் தெரியவில்லை. ஒரு வேலை என் கையை விட்டுப் போனால் அது எங்கே ஓடுகிறது என்று நான் கேட்டதில்லை. பம்ப்பில் ஓடும், கிரேனில் ஓடும். இது எங்கே ஓடும் என்று மட்டும் தெரிந்திருந்தது. எதிரே வருகிறவனும் இந்தத் தெருவில் எவளோ ஒருத்தி பெற்ற பிள்ளையாகத்தான் இருப்பான், ஒருவேளை என் பட்டறையிலிருந்து ரெண்டே மாதத்தில் ஓடிப்போன பையன்களில் ஒருத்தனாகவே இருப்பான். அந்த அரை வினாடியை எடுத்துக்கொடுத்தவன் நான் என்பது எனக்குத் தெரிந்திருக்கும். நண்பன் செத்திருந்தால், அந்த அரை வினாடியைக் கொடுக்க மறுத்தவன் நான் என்பதும் தெரிந்திருக்கும். கை கழுவிக்கொள்ள இடமில்லை. எதை வைத்துக்கொண்டு தூங்குவேன் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான்.

2024 மக்களவைத் தேர்தலுக்கு உரிமம் உள்ளவர்களையெல்லாம் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள். அவனும் கொடுத்தான். அந்த மாதங்களில் பட்டறைக்கு வந்தால் அடிக்கடி வலது தொடையைத் தட்டிப் பார்ப்பான். ஜூனில் திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஜூலை 5, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங், தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் வெட்டிக் கொல்லப்பட்டார். சுற்றி ஆட்கள் இருக்கும்போதே நடந்தது. அவரிடம் துப்பாக்கி உரிமம் இருந்தது, தேர்தலுக்காக ஒப்படைத்ததை ஜூனில் திரும்பப் பெற்றிருந்தார் என்று போலீஸ் சொன்னது. வடசென்னை முழுக்க அன்று ராத்திரி கடை மூடியிருந்த மாதிரி எனக்கு ஞாபகம். ஒருவேளை எங்கள் தெரு மட்டுமாக இருக்கலாம். நண்பன் போன் செய்தான்.

"அவர்கிட்ட இருந்துச்சாமே?"

"இருந்துச்சாம்."

ரொம்ப நேரம் பேசவில்லை. லைனில் அவன் வீட்டு டி.வி. சத்தம் மட்டும் கேட்டது. "சரி, வெச்சிடறேன்" என்றான்.

அடுத்த வாரம் பட்டறைக்கு வந்தான். இந்த முறை ஷட்டரை இறக்கவில்லை. பையன்கள் முன்னாலேயே சொன்னான், வீட்டு வாசலுக்குக் கேட் போட வேண்டும், ஆறடி உயரம், உள்பக்கம் தாழ், வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஒரு சின்னத் திறப்பு. ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவன் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அண்ணே, சீக்கிரம் போட்டுக் குடுங்க" என்றாள். திறப்பு எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று கேட்டேன். அவளை வாசலில் நிற்கவைத்து அவள் கண் மட்டத்துக்கு அளவு எடுத்தேன், நாலடி பத்து அங்குலம். அவன் பக்கத்தில் டேப்பின் மறுமுனையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான். வலது கை பாக்கெட்டில் இருந்தது.